பதம் பார்ப்பதும் சிந்தனையே

2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கேரளத்தின் மறையூர் வெல்லத்தின் தரம், கொப்பரையை அடுப்பிலிருந்து இறக்கும் தருணத்தில்தான் முடிவாகிறது. பாகின் குமிழி கனக்கிறதா, மணம் மாறுகிறதா என்று காய்ச்சுபவர் கவனிக்கிறார். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறார். இதை வெறும் கைப்பழக்கம் என்று ஒதுக்குவது தவறு. கரும்பு எல்லா நாளும் ஒரேபோல வருவதில்லை. வெட்டி நாளான கரும்பில் சர்க்கரை சிதைந்திருக்கும். பாகு லேசில் இறுகாது. சாற்றில் புளிப்பு ஏறியிருந்தால் சுண்ணாம்பின் அளவையும் மாற்ற வேண்டும். கண்ணும் மூக்கும் விரலும் தருவது அடையாளங்களைத்தான். அவற்றிலிருந்து காரணத்தை ஊகித்து, அடுத்துச் செய்வதைத் தீர்மானிப்பதே சிந்தனை.

அப்படியானால் புலன் கூர்மையே அறிவா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சிஸ் கால்டன் ஏறக்குறைய அப்படித்தான் நம்பினார்; நுண்ணிய வேறுபாடுகளை உணரும் திறனை அளந்தால் அறிவையும் அளக்கலாம் என்று கருதினார். 1901இல் கிளார்க் விஸ்லர், கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களிடம் எடுத்த இத்தகைய சோதனைகள் அவர்களின் மதிப்பெண்களோடு அநேகமாகப் பொருந்தவில்லை என்று காட்டினார். ஆனால் 1904இல் சார்லஸ் ஸ்பியர்மன் புலன் கூர்மைக்கும் அறிவுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதாக வாதிட்டார். பின்வந்த ஆய்வுகள் பலவும் மிதமான தொடர்பையே கண்டன. புலன் சிந்தனைக்குக் கச்சாப்பொருள் தருகிறது. அதன் இடத்தைப் பிடிப்பதில்லை.

118 டிகிரி செல்சியஸை ஒட்டி வெப்பமானி காட்டும்போது இறக்கினால் போதாதா என்று கேட்கலாம். போதாது, சாறு மாறினால் அதே வெப்பநிலையில் வெல்லம் இளகியும் போகலாம். ஆனால் புலன்களால் பதம் பார்க்கும் முறையின் குறைகளும் உண்மையானவை. காய்ச்சுபவர் தன் முடிவுக்குக் காரணம் சொல்ல முடியாதபோது, தவறு எங்கே நேர்ந்தது என்று பிறர் கண்டுபிடிக்க முடியாது. கற்பவரும் வெறுமனே பார்த்துப் பார்த்துப் பழக வேண்டியிருக்கிறது. காரணத்திலிருந்து பிரிந்த புலன் ஏமாறவும் செய்யும்: வெளியூர் வெல்லம் மறையூர்ப் பெயரில் விற்கப்படுவதாக விவசாயிகள் முறையிட்டு வருகிறார்கள். அடர்பழுப்பு நிறத்தை மட்டும் நம்பி வாங்குபவரின் கண் அங்கே தோற்கிறது. ஆகவே கருவியா கையா என்று சண்டையிடுவதில் பயனில்லை. வெப்பநிலையையும் கரும்பு வெட்டிய நாளையும் காய்ச்சுபவரின் கணிப்பையும் அருகருகே எழுதிவைத்தால், அந்தக் கணிப்பு எங்கே சரி, எங்கே பிசகு என்பது தெரியவரும். சோதிக்கவும் திருத்தவும் கற்பிக்கவும் இடம்கொடுக்கும்போதுதான் கைத்திறன் முழு அறிவாகிறது. அந்த வாய்ப்பை மறையூர் ஆலைகளுக்குத் தருவதே அந்தத் திறனுக்கு நாம் செய்யும் மரியாதை.