தலைக்கு ஓர் இலை, காலுக்கு ஓர் இலை

சித்திரை பிறந்தால் நல்லூரில் கூடவே ஒரு வாசகமும் பிறக்கிறது: முன்னோர் செய்ததெல்லாம் விஞ்ஞானம். மருத்துநீர் கிருமிநாசினியாம், பெரியவர் கையால் காசு வாங்கும் கைவிசேஷம் சேமிப்புப் பழக்கமாம், தேங்காயோடு தேங்காய் மோதும் போர்த்தேங்காய் உடற்பயிற்சியாம். பத்திரிகைச் சிறப்பிதழ்களும் கைத்தொலைபேசிச் செய்திகளும் இதைச் சலிக்காமல் ஓதுகின்றன. கேட்க இனிக்கிறது; அவ்வளவுதான்.

மருத்துநீரையே எடுப்போம். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு, பால், கோசலம், கோரோசனை எல்லாம் சேர்த்துக் காய்ச்சி வைப்பது. மஞ்சளுக்கும் துளசிக்கும் மருந்துக்குணம் உண்டு, தகராறில்லை. ஆனால் வருடப்பிறப்புப் புண்ணியகாலத்தில் அதைத் தேய்த்து முழுகும்போது தலைக்கு ஓர் இலையும் காலுக்கு ஓர் இலையும் வைக்கவேண்டும். எந்த இலை என்பதைப் பஞ்சாங்கம் ஆண்டுதோறும் மாற்றி எழுதும். கிருமி வருடத்துக்கு வருடம் கட்சி மாறுமா? போதாததற்கு வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் நேரத்தில் ஒத்துப்போவதில்லை. கொக்குவில் இரகுநாதையர் வாக்கியப் பஞ்சாங்கம் பார்க்கும் வீடு ஒரு நேரத்தில் முழுக, திருக்கணிதம் பார்க்கும் அயல்வீடு வேறு நேரத்தில் முழுகும்.

ரஷ்யக் கிராமத்தாருக்கும் இந்த இரட்டைக் கணக்குத் தொல்லை உண்டு. புனித ஜோர்ஜியார் திருநாள் பழைய நாட்காட்டியில் ஏப்ரல் 23, இப்போதைய கணக்கில் மே 6. அன்றைய விடியற்பனியில் முகம் கழுவினால் நோய் அணுகாது என்று நம்பினார்கள். குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்து வைத்த மரக்கொப்பால் தட்டித்தான் மாடுகளை முதன்முதலாக மேய்ச்சலுக்கு விட்டார்கள். ரஷ்ய நாட்டாரியல் அறிஞர் விளாதிமிர் புரோப் 1963இல் இவற்றைப் பற்றி நூலெழுதியபோது பனியின் இரசாயனத்தைத் தேடவில்லை. ஆண்டின் வெவ்வேறு திருநாள்களில் ஒரே உணவும் ஒரே பச்சிலையும் இறந்தோர் நினைவும் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879) ஆகமத்தை அளவுகோலாக வைத்து, ஆடு வெட்டுவதையும் கண்ணகி வழிபாட்டையும் கண்டித்தார். கண்டனத்தில் நேர்மை இருந்தது, நம்பிக்கையை நம்பிக்கையாகவே எதிர்கொண்டார். பின்வந்த மு. இராமலிங்கமும் இ. பாலசுந்தரமும் நாட்டார் பாடல்களைத் தொகுத்தார்கள். சு. வித்தியானந்தன் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். அரிய பணிகள்தான். ஆனால் பாட்டும் கூத்தும் மேடையேறும், விரதம் ஏறாது. அடுப்படியில் நடந்ததை எழுத ஆள் குறைந்துபோயிற்று. இன்றைய விஞ்ஞானப் பிரசங்கம் அந்த வெற்றிடத்தில்தான் குடியேறியிருக்கிறது.

சித்திரைப் பூரணையைப் பாருங்கள். தாயை இழந்தவர் அன்று விரதம் இருப்பார், தந்தைக்கு ஆடியமாவாசை. கோயிலில் சித்திரபுத்திரனார் கதை படிப்பார்கள், கஞ்சி வார்ப்பார்கள். பாவபுண்ணியக் கணக்கு எழுதுபவருடைய கதையைக் கேட்டபடி, பெற்றவளை நினைத்துப் பட்டினி கிடந்து, பிறகு ஊரோடு கஞ்சி குடிப்பதில் எந்த வைட்டமினைத் தேடுவது? ரஷ்யரும் உயிர்த்த ஞாயிறுக்குப் பிந்திய இரண்டாம் செவ்வாயில் கல்லறைக்கு முட்டையும் உணவும் கொண்டுபோகிறார்கள். அங்கே பனி உருகும் காலம், இங்கே மண் வெடிக்கும் வெயில். ஆகவே பருவநிலையை மட்டும் காட்டித் தப்பவும் முடியாது. புதுவருடம் பிறந்த கையோடு செத்தவர்களுக்கு ஏன் நாள் ஒதுக்குகிறோம் என்பதல்லவா ஆராய்ச்சி?

இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. வீட்டில் பழைய பஞ்சாங்கங்கள் கிடந்தால் கடதாசிக்காரருக்குப் போடாதீர்கள். எந்த வருடம் எந்த இலை, யாருடைய வளவில் ஒடித்தது, யார் முதலில் தலையில் வைத்துவிட்டார் என்று அம்மம்மாவிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். இந்தச் சித்திரைக்கே தொடங்கலாம்.