பிபிஎம் பைத்தியம்

இரும்பு 9! இன்னொரு தடவை சொல்கிறேன், வெறும் 9 பிபிஎம்! பத்து லட்சம் பங்கு ஆயிலில் ஒன்பதே ஒன்பது பங்கு இரும்பு, அதுவும் டியூன் பண்ணின ரெட்டை டர்போ ட்ரக்கில், அதுவும் பின்னால் டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு ராக்கி மலையை ஏறி இறங்கி வந்த ஆயிலில்! லேப் ரிப்போர்ட் ஃபோனில் வந்து விழுந்ததும் நான் போட்ட கூச்சலில், "என்னங்க, ஊர்ல யாருக்காவது உடம்புக்கு முடியலையா?" என்று மனைவி ஈரக்கையோடு ஓடி வந்தாள். "அதெல்லாம் இல்லம்மா, ஈயம் ஜீரோ!" என்றேன். ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய் மிக்ஸியைப் போட்டாள், வழக்கத்தைவிட ரொம்ப நேரம்.

பேசட்டும், பேசாமல் இருக்கட்டும். எனக்கு இப்போது யாரிடமாவது சொல்லியாக வேண்டும், நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

குடியிருப்பது டென்வரில், கடல் மட்டத்துக்கு 5,280 அடி மேலே. வண்டி 2018 ஃபோர்டு எஃப்-150, 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் வி6. கம்பெனியிலிருந்து வரும்போதே 375 குதிரைத்திறன். போதாதா என்பீர்கள். போதவில்லையே! இன்ஜின் கம்ப்யூட்டருக்குள் வேறொரு மேப்பை இறக்கி, பூஸ்டை ஏற்றி, இந்த ஊரில் ரெகுலர் என்று விற்கும் 85 ஆக்டேனைத் திரும்பியும் பார்க்காமல் 91 மட்டுமே ஊற்றி வளர்க்கிறேன். மெல்லிய மலைக்காற்றில் மற்ற வண்டிகளுக்கு மூச்சு வாங்கும்போது டர்போ அந்தக் காற்றை அள்ளி அமுக்கி உள்ளே திணிக்கும் பாருங்கள், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் எனக்கு அசட்டுச் சிரிப்பு வரும், வயசு நாற்பதைத் தாண்டியும் வரும். ஆனால் கூடவே ஒரு பயம். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் டர்போ தண்டு, மயிரிழை கனமுள்ள ஆயில் படலத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. டியூன் பண்ணினால் இன்ஜின் தாங்குமா என்று கேட்டால் பத்துப் பேர் பதினோரு பதில் சொல்வார்கள். பதில் வடிகிற ஆயிலிலேயே இருக்கிறது, அதை எழுதிக் கொடுக்க இண்டியானாவில் ஃபோர்ட் வெய்ன் என்ற ஊரில் பிளாக்ஸ்டோன் என்று ஒரு லேப் இருக்கிறது என்று தெரிந்த நாளில் ஆரம்பித்தது இந்தக் கிறுக்கு.

நினைத்துப் பாருங்கள். வண்டியை நன்றாக ஓட்டி வந்து, இன்ஜின் சூடு ஆறுவதற்குள் கீழே படுத்திருக்கிறீர்கள். ட்ரெயின் பிளக்கைச் சுற்றி மண் ஒட்டாமல் துடைத்தாயிற்று. கழற்றியதும் குபுக்கென்று கறுப்பாகக் கொட்டுகிறது, சுடச்சுட, முகத்தில் ஆவி அடிக்க. முதலில் வருவதைப் பிடிக்கக் கூடாது, அடியில் தேங்கின கசடு அதில்தான் வரும். கடைசிச் சொட்டும் ஆகாது. நடுவில், ஓட்டம் சீராகி மெலிகிற அந்த நேரத்தில் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை நீட்ட வேண்டும். கையுறையைத் தாண்டிச் சுடும். சுடட்டும்! மூடியை இறுக்கி, துடைத்து, முகர்ந்து பார்த்து – பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று முகராமல் இருக்கவே முடியாது – சீட்டில் எழுதுகிறீர்கள்: இன்ஜின் எத்தனை மைல், இந்த ஆயில் எத்தனை மைல், என்ன கிரேடு, நடுவில் எவ்வளவு ஊற்றினோம். தபாலில் போட்ட பிறகு இருக்கிறதே அந்தக் காத்திருப்பு, பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படித் தவித்ததில்லை.

அங்கே என்ன நடக்கிறது தெரியுமா? ஆர்கான் வாயுவைச் சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான பிளாஸ்மாவாக மாற்றி, அதற்குள் உங்கள் ஆயிலைப் பீய்ச்சுகிறார்கள். அந்தச் சூட்டில் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய அலைநீளத்தில் ஒளிவிடும். இரும்புக்கு ஒன்று, செம்புக்கு ஒன்று, குரோமியத்துக்கு ஒன்று. ஒளியின் அளவைப் பார்த்து உலோகம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறார்கள். என் பிஸ்டன் உரசி உதிர்த்த அலுமினியம் எங்கோ ஒரு ஊரில் ஒளியாக மின்னியிருக்கிறது என்று நினைத்தாலே புல்லரிக்கிறது.

இன்னொன்றைக் கேளுங்கள், இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. உபயோகித்த ஆயிலை இப்படி நிறமாலையில் பார்த்து டீசல் இன்ஜினின் கோளாறை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வேலையை 1946-லேயே செய்து காட்டியது ஒரு ரயில் கம்பெனி. எந்த ஊர் ரயில்? எங்க ஊர் ரயில்! டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன்! மலையில் சரக்கு ரயிலை இழுக்கிற லோகோமோட்டிவின் பேரிங் நடுவழியில் போய்விட்டால் என்ன பாடு, அந்தக் கவலையில் பிறந்த வித்தை அது. அப்புறம்தான் அமெரிக்கக் கடற்படை விமான இன்ஜின்களுக்கு எடுத்துக்கொண்டது. ஐ-70 சாலையில் கிளென்வுட் பள்ளத்தாக்குக்குள் போனால் கொலராடோ ஆற்றின் அக்கரையில் அந்தக் கம்பெனியிடம் இருந்த தண்டவாளம் கூடவே வரும், இப்போது யூனியன் பசிபிக்கிடம் இருக்கிறது. டிரெய்லரோடு போகும்போது எதிரில் ஒரு சரக்கு ரயில் வந்தது, நான் ஹாரன் அடித்துக் கையாட்டினேன், பின்சீட்டில் பிள்ளைகள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

சரி, ரிப்போர்ட்டைப் படிக்கும் கலைக்கு வருவோம். ஒரு எண்ணைத் தனியாகப் பிடித்துக்கொண்டு பயப்படுகிறவர்கள் பாவம். இது ஜாதகக் கட்டம்: எந்தக் கிரகம் எங்கே என்பதைவிட யாரோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் பலன். சிலிக்கான் ஏறியிருக்கிறதா? தனியாக ஏறினால் கேஸ்கட்டுக்குப் பூசின சிலிக்கான் பசை கரைந்து வந்திருக்கலாம், ஒரு கவலையுமில்லை. அதே சிலிக்கான் அலுமினியத்தையும் இரும்பையும் கூட்டிக்கொண்டு ஏறினால் ஏர் ஃபில்டரைத் தாண்டி மண் உள்ளே போய்ச் சிலிண்டரைத் தேய்க்கிறது, உடனே பானட்டைத் திறங்கள். செம்பு மட்டும் என்றால் ஆயில் கூலர் கசிய விடுவதாக இருக்கலாம். செம்போடு ஈயமும் தகரமும் கைகோத்தால் பேரிங். இப்போதைய இன்ஜின்கள் பலவற்றில் பேரிங்கில் ஈயமே கிடையாது என்று ஒரு நண்பர் என் ஜீரோவைக் கெடுக்கப் பார்த்தார், அவரோடு நான் பேசுவதைக் குறைத்துவிட்டேன். மாலிப்டினம் எண்பது நூறு என்று நின்றால் அலற வேண்டாம், அது உராய்வைக் குறைக்க ஆயில் கம்பெனியே போட்டது. அதனால்தான் கெட்டிக்காரர்கள் உடைக்காத புது ஆயிலில் ஒரு பாட்டில் முதலில் அனுப்பிவைப்பார்கள், எது பிறவியிலேயே இருந்தது, எது இன்ஜின் சேர்த்தது என்று தெரிய. நானும் அனுப்பினேன். புது ஆயிலைக் காசு கொடுத்துச் சோதிக்கிற மனுஷனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இதோ!

இந்தச் சேர்க்கைப் பலன் ஒரு தடவை என்னை எப்படிச் சுற்றலில் விட்டது தெரியுமா? டியூனுக்குத் தோதாக, டர்போ அமுக்கின காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலர் ஒன்று மாட்டியிருந்தேன். அடுத்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம் எகிறி நிற்கிறது, அலுமினியமும் கூடவே ஏறியிருக்கிறது. பொட்டாசியம் என்றால் கூலன்ட், அலுமினியம் என்றால் பிஸ்டன், ரெண்டும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கட் போய் இன்ஜினே காலி என்றுதானே புத்தி ஓடும்? வாயெல்லாம் உலர்ந்துவிட்டது. அப்புறம் மெதுவாக மற்ற வரிகளைப் பார்க்கிறேன்: சோடியம் அசையவில்லை, கிளைகால் இல்லை, தண்ணீர் இல்லை, சிலிக்கான் அமைதி, இரும்பும் குரோமியமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பிஸ்டன் தேய்ந்தால் ரிங்கும் சிலிண்டரும் சும்மா இருக்குமா? தேடித் தேடிப் படித்தால் விடை இன்டர்கூலரிலேயே இருக்கிறது! அலுமினியக் குழாய்களை ஒன்றோடு ஒன்று பற்றவைக்க உபயோகிக்கும் ஃப்ளக்ஸ் இருக்கிறதே, அது பொட்டாசியமும் அலுமினியமும் கலந்த ஃப்ளோரைடு உப்பு. புதுக் கூலரின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சம் காற்றோடு போய் ஆயிலில் சேர்கிறது. பெரிய டீசல் லாரிகளைப் பராமரிப்பவர்களுக்கு இது பழைய சங்கதியாம். அதற்கடுத்த ரிப்போர்ட்டில் ரெண்டும் ஜோடியாக இறங்கின பாருங்கள், துப்பறியும் கதையில் கொலைகாரனைக் கடைசி அத்தியாயத்துக்கு முன்பே பிடித்த சந்தோஷம், அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் என் செலவில் பிரியாணி.

இப்போது சிகரத்துக்கு வருகிறேன், பிடித்துக்கொள்ளுங்கள். குளிர்கால ரிப்போர்ட் ஒன்று, கோடைகால ரிப்போர்ட் ஒன்று, ரெண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் வண்டி என்ன வேலை செய்தது? பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டது, பட்டேல் கடைக்குப் போய்க் கறிவேப்பிலையும் அரிசி மூட்டையும் வாங்கி வந்தது, அவ்வளவுதான், ராணி வாழ்க்கை. கோடையில்? டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஐசனோவர் சுரங்கத்துக்கு, 11,000 அடிக்கு மேலே, திரும்பி வரும்போது டில்லனிலிருந்து அந்த 7 சதவீத ஏற்றத்தில் டர்போ ரெண்டும் ஊளையிட, ஆக்சிலரேட்டரை மிதித்த கால் மிதித்தபடி, பக்கத்து லேனில் லாரிகள் விளக்கை மினுக்கிக்கொண்டு ஊர்ந்து போக, நான் மட்டும் ஓவென்று கத்திக்கொண்டு, அந்த ஆயிலில் உலோகம் கொட்டிக் கிடக்கும் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டுதான் பாட்டிலை அனுப்பினேன். வந்ததோ தலைகீழ்! கஷ்டப்பட்டது மலை ஏறின வண்டி இல்லை, மளிகைக் கடைக்குப் போன வண்டிதான்! குளிரில் ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின் பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சும், சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகவும் பீய்ச்சுகிற இன்ஜின் என்பதால் அது குளிர்ந்த சுவரில் பட்டு வழிந்து, ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கும்; ரெண்டு மைலில் கடை வந்துவிட்டால் அது ஆவியாக நேரம் ஏது? ஆயிலின் ஆவி பற்றிக்கொள்ளும் சூடு, அதாவது ஃப்ளாஷ் பாயின்ட், இறங்கிவிட்டது, 100 டிகிரி செல்சியஸில் பாகுத்தன்மை 9.3-க்குக் கீழே போய்விட்டது, அந்தக் கோட்டைத் தாண்டினால் பாட்டிலில் 5டபிள்யூ-30 என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஓடுவது 20 கிரேடுதான், இரும்பும் ஆயிரம் மைலுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் அதிகம். கோடையிலோ மணிக்கணக்கில் கொதித்த ஆயிலிலிருந்து பெட்ரோல் எல்லாம் பறந்துபோய், பாகு கெட்டியாக நின்று, இரும்பு 9! ஒன்பது! மலையேற்றம் என் வண்டிக்கு வைத்தியம் என்று லேப் காகிதத்தில் எழுத்துமூலமாகச் சொல்லியிருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன், மனைவியிடமும் அப்படியே சொல்லி அடுத்த நீண்ட வாரஇறுதிக்கு டிரெய்லரைப் பூட்ட அனுமதி வாங்கிவிட்டேன்!

கால்சியம், மெக்னீசியம் வரிகளை யாரும் பார்ப்பதில்லை, நான் அவற்றைத்தான் முதலில் பார்ப்பேன். குறைந்த ஆர்பிஎம்மில் பூஸ்ட் உச்சத்தில் இருக்கும்போது ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனையே பிளந்துவிடும் ஒரு வியாதி உண்டு, எல்எஸ்பிஐ என்பார்கள். கால்சியம் அதிகமுள்ள ஆயில் அதைத் தூண்டுகிறது என்று தெரிந்து, 2018-ல் ஏபிஐ எஸ்என் பிளஸ் தரம் வந்த காலத்திலிருந்து நிறையக் கம்பெனிகள் கால்சியத்தைக் குறைத்து மெக்னீசியத்தைச் சேர்த்தன. டியூன் போட்டவன் இதைப் பார்க்காமல் ஆயில் வாங்கலாமா? கடையில் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டு நிற்கிற என்னைக் கடைப்பையன் சந்தேகமாகப் பார்க்கிறான்.

குறையே இல்லையா என்றால், ம், இருக்கிறது, சின்னது. அந்தப் பிளாஸ்மாவுக்குச் சில மைக்ரான் அளவுள்ள தூள்தான் தெரியும். பெரிய துணுக்கு உடைந்து விழுந்தால் ரிப்போர்ட் சாதுவாக இருக்கும். ஃப்ளாஷ் பாயின்ட்டிலிருந்து பெட்ரோல் கலப்பைக் கணக்குப் போடுவதும் உத்தேசம்தான், கேஸ் குரோமட்டோகிராஃபி போட்டால்தான் துல்லியம். அதனால் என்ன? ஃபில்டரை வெட்டிப் பார்த்துவிட்டால் தீர்ந்தது! அதற்கென்றே ஒரு கட்டர் விற்கிறார்கள், வாங்கியாயிற்று. தகர உறையைச் சுற்றி அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை உருவி, பிழிந்து, டார்ச் அடித்துக் காந்தத்தால் தடவிப் பார்ப்பதில் ஒரு மணி நேரம் போவது தெரியாது.

இப்போது என் கண் எதிர்வீட்டுக்காரர் மேல். அவரிடம் கம்மின்ஸ் டீசல் போட்ட ராம் பிக்கப் ஒன்று நிற்கிறது. டீசல் என்றால் ஆயிலில் கரிப்புகைத் தூள் அதிகம் சேரும், எனக்கு இதுவரை வாய்க்காத கணக்கு! அடுத்த தடவை ஆயில் மாற்றும்போது ஒரு சின்ன பாட்டில் கொடுங்கள், காசு நானே கட்டுகிறேன் என்று அவரிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் கராஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது, இருங்கள், வந்துவிடுகிறேன்.