கல்லடைப்புக்கு எந்த உறை?

கல்லடைப்புக்கு ஆபரேஷன் என்றதும் லேசர் எப்படி, கேமரா எப்படி என்று விசாரிக்கிறோம். அவை இரண்டும் உள்ளே போய்வர வழி அமைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை யாரும் கேட்பதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல் வருமா, சிறுநீர்க்குழாய் காயப்படுமா என்பதில் அந்த உறைக்குப் பெரிய பங்கு உண்டு. ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டில், சிறுநீரியல் மருத்துவர் ஒருவரின் உதவியோடு, சிலிகோன் பயிற்சி மாதிரியில் ஆக்சஸ் ஷீத் எனப்படும் இந்த உறைகள் சிலவற்றைச் செலுத்திப் பார்த்தேன்.

முதலில் அளவு. பாரிஸில் மருத்துவக் கருவிகள் செய்த ஷாரியேர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த ஃபிரெஞ்சு அளவுதான் இன்றும். 3 ஃபிரெஞ்சு ஒரு மில்லிமீட்டர். உறையில் 12/14 என்று இருந்தால் உள்விட்டம் 4 மி.மீ., வெளிவிட்டம் சுமார் 4.7 மி.மீ.

குக் நிறுவனத்தின் ஃப்ளெக்ஸர் 12/14ஐ உப்புநீரில் நனைத்ததும் மேல்பூச்சு வழவழப்பாகி, தள்ளாமலேயே நகர்வது போல் போனது. சுவருக்குள் சுருள் கம்பி இருப்பதால் வளைத்தாலும் மடங்கவில்லை. விலை குறைந்த இன்னொரு உறை, உள்ளிருக்கும் டைலேட்டரை உருவியதுமே வளைவில் நசுங்கிவிட்டது. அதற்குப் பிறகு கேமரா உள்ள ஸ்கோப் நுழையவில்லை. விலையை மட்டும் பார்த்து வாங்கும் பொருள் இதுவல்ல.

ஒல்லியான உறைதான் நல்லது என்று நினைத்துத்தான் பலரும் தொடங்குவார்கள். அது பாதி உண்மை. லேசர் ஓடும்போது சிறுநீரகத்துக்குள் உப்புநீர் பாய்ந்துகொண்டே இருக்கும். அது ஸ்கோப்புக்கும் உறைக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாகத்தான் வெளியேற வேண்டும். இடைவெளி போதாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, கிருமி கலந்த நீர் ரத்தத்தில் கலக்கும். ஸ்கோப்பின் விட்டம் உறையின் உள்விட்டத்தில் முக்கால் பங்குக்குள் இருப்பது நல்லது என்பது ஆய்வுகள் சொல்லும் கணக்கு. 9 ஃபிரெஞ்சு ஸ்கோப்புக்கு 12 உள்விட்டம் வேண்டும், 7.5க்கு 10 போதும். ஆகவே உறையைத் தனியாக எடைபோடக் கூடாது, ஸ்கோப்போடு ஜோடியாகத்தான் பார்க்க வேண்டும்.

மாதிரியில் சுண்ணாம்புத் தூளைக் கரைத்துவிட்டு, பக்கக்குழாயில் உறிஞ்சும் வசதியும் நுனியில் வளைவும் உள்ள உறையைச் சோதித்தோம். ஸ்கோப் திரும்பும் பக்கமெல்லாம் நுனியும் திரும்பி, கோலப்பொடி போல் மிதந்த தூளை இழுத்தது. பக்கத்துளையை விரலால் மூடித் திறந்தே உறிஞ்சலைக் கூட்டிக் குறைக்கலாம். சாதாரண உறையில் அதே கலங்கல் தெளிய நெடுநேரம் ஆனது. மேசையில் பார்த்தவற்றில் என் மனம் கவர்ந்தது இதுதான்.

இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிய கல்லுக்கு, சிறுநீர்க்குழாய் வழியாகப் போகும் இந்த முறை பொதுவாக முதல் தேர்வு அல்ல. முதுகுப்பக்கம் துளையிடும் பி.சி.என்.எல். முறைதான் சரி. அங்கே வழக்கமான ஆம்ப்ளாட்ஸ் உறை 30 ஃபிரெஞ்சு வரை, அதாவது ஒரு சென்டிமீட்டர் அகலம். அதைச் சுருக்கியதில் நம் நாட்டவரின் பங்கு பெரிது. அகமதாபாத்தின் ஜனக் தேசாய் 11 முதல் 13 ஃபிரெஞ்சு உறையோடு அல்ட்ரா மினி முறையை 2013இல் வெளியிட்டார். நடியாத்தின் மகேஷ் தேசாய் குழுவினர் 2011இல் 4.85 ஃபிரெஞ்சு ஊசி வழியாகவே கல்லை உடைத்துக் காட்டினார்கள். துளை சிறுத்தால் ரத்தப்போக்கு குறையும். ஆனால் தூளை வெளியே எடுக்க நேரம் கூடும்.

எந்தக் கம்பெனி உறையானாலும் ஒரு எச்சரிக்கை. 2013இல் வெளியான ஆய்வில் பாரிஸ் மருத்துவர்கள் ட்ராக்செரும் தாமஸும் 359 பேரிடம் 12/14 உறையைப் பயன்படுத்திவிட்டுச் சிறுநீர்க்குழாயை உள்ளே பார்த்தார்கள். 46.5 சதவீதம் பேருக்குச் சுவரில் காயம், 13.3 சதவீதம் பேருக்கு அது தசைவரை ஆழம். முன்கூட்டியே சிறுநீர்க்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தவர்களுக்கு ஆழமான காயத்தின் வாய்ப்பு ஏழில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது.

குழாய் இறுக்கமாக இருக்கிறது என்று மருத்துவர் பாதியில் நிறுத்தி, ஸ்டென்ட் மட்டும் வைத்து, ஓரிரு வாரம் கழித்து வரச் சொன்னால் கோபப்படாதீர்கள். உங்கள் சிறுநீர்க்குழாயைக் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் செய்கிறார். உறை புதியதா என்று கேளுங்கள். ஸ்டென்ட்டை எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். மறந்து விட்டுவிட்டால் அதன் மேலேயே புதுக் கல் படியும்.