செல்லோவில் 133 வருடங்கள்

மினசோட்டா பல்கலைக்கழக இளங்கலை மாணவர் டேனியல் கிராஃபோர்ட், புவியியல் பேராசிரியர் ஸ்காட் செயின்ட் ஜார்ஜுடன் சேர்ந்து, நாஸாவின் உலக வெப்பநிலைத் தரவை 2013இல் செல்லோ இசையாக மாற்றினார். 'எ சாங் ஆஃப் அவர் வார்மிங் பிளானட்' என்று பெயர். 1880 முதல் 2012 வரை, வருடத்துக்கு ஒரு சுரம். ஆகக் குளிரான 1909க்கு செல்லோவின் அடிச்சுரம். அங்கிருந்து ஏறக்குறைய 0.03 டிகிரி கூடினால் அரைச்சுரம் மேலே. மொத்தம் மூன்று ஸ்தாயி.

முதல் பாதியில் மெட்டு எங்கே போகுதுன்னே பிடிபடாது, ஏறும், இறங்கும். கடைசி முப்பது வருடங்களில்தான், இது இனி கீழே வரப்போவதில்லை என்று காதுக்கு உறைக்கிறது. செல்லோவில் சுரம் ஏற ஏற, வாசிப்பவரின் இடது கை குதிரையை நோக்கி நகரணும். அதிர்வதற்கு மிச்சமிருக்கும் தந்தி குறைந்துகொண்டே வரும். எந்த வரைபடமும் இதைக் காட்டாது.

என் சிக்கல் வீடியோவின் முடிவில் வரும் வாசகத்தோடுதான். இந்த நூற்றாண்டுக்குள் பூமி இன்னும் 1.8 டிகிரி சூடானால், அந்தச் சுரங்கள் மனிதக் காதுக்கு எட்டாது என்கிறது அது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1.8ஐ 0.03ஆல் வகுத்தால் 60 அரைச்சுரம், அதாவது ஐந்து ஸ்தாயி. 16,000 ஹெர்ட்ஸைத் தாண்டும். நடுவயதுக் காதுக்கு எட்டாது, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டிவிடலாம். சரி, அரைச்சுரத்துக்கு 0.06 டிகிரி என்று வைத்திருந்தால்? அதே சூடு செல்லோவுக்குள்ளேயே அடங்கிவிடும்! அந்த பயத்தைத் தருவது பூமி இல்லை, கிராஃபோர்ட் தேர்ந்தெடுத்த அளவுகோல். அளவுகோலைத் தேர்வதில் தப்பில்லை, எல்லா வரைபடத்திலும் யாரோ ஒருத்தர் அதைச் செய்துதான் ஆகணும். ஆனால் அந்தத் தேர்வையே ஆதாரம் மாதிரி நீட்டும்போது, அதுவரை நேர்மையாக இருந்த இசை பிரச்சாரமாகிவிடுகிறது.

2015இல் இருவரும் செய்த 'பிளானட்டரி பேண்ட்ஸ், வார்மிங் வேர்ல்ட்' இதைவிட நல்ல படைப்பு என்பேன். நான்கு இசை மாணவர்கள் வாசித்தார்கள். செல்லோ நிலநடுக்கோட்டுப் பகுதி, வியோலா மித அட்சரேகைகள், ஒரு வயலின் உயர் அட்சரேகைகள், இன்னொன்று ஆர்க்டிக். முதல் படைப்பில் கேட்டது உலக சராசரி. சராசரியில் யாரும் குடியிருப்பதில்லை. இங்கே ஒவ்வொரு குரலுக்கும் ஓர் இடம் இருக்கிறது. பனி உருகி, கருங்கடல் வெயிலை உறிஞ்சுவதால் ஆர்க்டிக் மற்ற இடங்களைவிட வேகமாகச் சூடாகிறது. அதைச் சொல்ல எதிர்காலத்தைக் கூப்பிட வேண்டியதில்லை. பக்கத்துக் குரலோடு ஒப்பிட்டுக் கேட்டாலே போதும்.

நால்வர் இசையின் சுகமே ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதுதான். இங்கே நால்வரும் மற்றவரைக் கேட்கிறார்கள், ஆனால் யாராலும் யாருக்காகவும் ஒரு சுரம்கூட இறங்கிவர முடியாது. எல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்த வருடங்கள்.