முதல் நாவலும் கதைப்பின்னலும்: தீவகத்திலிருந்து ஒரு நோக்கு

நாவலெழுதப் புகுவோன் கதைப்பின்னலை முன்னரே கண்டுகொள்ளல் வேண்டுமா, எழுத எழுத அது தானாக அமையுமா என்னும் வினா நமது விமரிசனத்தில் அதிகம் ஆராயப்பட்டதன்று. கதைப்பொருள் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கின்றோம். சாதி, வர்க்கம், இனம், புலப்பெயர்வு என்று அதனை வகுத்தும் தொகுத்தும் பார்த்திருக்கின்றோம். ஆனால், பொருளைத் தெரிந்து வைத்திருந்தும் ஐம்பதாம் பக்கத்தில் பேனாவை மூடிவைப்பவனுக்கு இவ்வகுப்புக்களால் விளையும் பயன் சிறிது. கதை காலவொழுங்கிற் செல்வது, கதைப்பின்னல் காரணகாரியத் தொடர்பிற் செல்வது என இ. எம். ஃபோஸ்டர் 1927இல் வெளிவந்த தமது நாவல் பற்றிய நூலில் வேறுபடுத்தினார். மாணவர் அனைவரும் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் இவ்வேறுபாடு, எழுத உட்கார்ந்த பின்னரே உண்மையில் விளங்குகின்றது.

ஈழத்தின் தொடக்க நாவல்களை இந்நோக்கில் மீண்டும் எண்ணிப் பார்த்தல் தகும். சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய சரித்திரம்' (1885) எகிப்திற் பிறந்து இந்தியாவில் வளரும் ஒருவனின் வரலாறு. திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' (1891) ஐரோப்பிய வீரக்கதையொன்றின் வழிவந்தது. அதே திருகோணமலையைச் சார்ந்த சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' (1895) நாயக்கர் காலத் தமிழகத்தைக் களமாகக் கொண்டது. மூன்றிலும் ஈழத்து மண் இல்லை என்பது வழக்கமாகக் கூறப்படும் குறை. இக்குறையைக் கூறுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இவர்களுக்கு நாவல் புதுவடிவம், முன்மாதிரி கிடையாது. தம்மைச் சூழ்ந்த வாழ்க்கையில் எது தொடக்கம், எது சிக்கல், எது முடிவு என்று காட்டும் சட்டகம் எதுவும் அவர்கள் கையிலிருக்கவில்லை. கடத்தப்பட்ட குழந்தை, பிரிந்து கூடும் உடன்பிறப்புக்கள், அரண்மனைச் சூழ்ச்சி ஆகியவை ஆயத்தமாகக் கிடைத்த பின்னல்கள். முதன்முறை எழுதுபவன் கடன் வாங்குவது இயல்பு. 1914இல் மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' எழுதியபோதுதான் யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் உள்ளிருந்தே காரணகாரியம் பிறந்தது. கணவனது ஒரு செயல் மனைவியின் மறு நாளை நிர்ணயிக்கின்றது. போதனை மிகுந்த நூலாயினும் அவ்வகையில் அது பெரிய பாய்ச்சலே.

இவ்வாராய்ச்சியில் எனக்கு ஆர்வம் பிறந்ததற்குக் காரணம் புலமையன்று, தோல்வி. 1999இல் சான் பிரான்சிஸ்கோப் பகுதியில் கிறிஸ் பேற்றி என்பவர் இருபது நண்பருடன் தொடக்கிய முயற்சியொன்று உண்டு. ஒரு மாதத்தில் ஐம்பதாயிரஞ் சொற்களில் ஒரு நாவலை முடித்துவிடுதல் அதன் விதி. அடுத்த ஆண்டிலிருந்து அது நொவெம்பருக்குரியதாயிற்று. கதைப்பின்னல் இல்லையென்றாற் கவலையில்லை என்னும் பொருள்பட 2004இல் அவர் ஒரு கைந்நூலும் எழுதினார். அதனை நடத்திய நிறுவனம் 2025இல் மூடப்படுவதாக அறிவித்துவிட்டது. பழக்கமோ எங்கள் விடுதிவரை வந்து சேர்ந்துவிட்டது. நாளொன்றுக்கு 1,667 சொற்கள். நானும் தோழர் மூவரும் தொடங்கினோம். வெளியே கார்த்திகை மழை, உள்ளே நால்வரும் தலைகுனிந்திருந்தோம்.

எனது களம் மண்கும்பான். பண்ணைப் பாலத்தால் வந்து, மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் கடந்தால் வருவது. ஊரின் பெயரிலேயே மணல் இருக்கின்றது. மேடுமேடான வெண்மணல், அதனடியில் ஊறும் நன்னீர், பனை, பிள்ளையார் கோயில், அப்பாற் சாட்டிக் கடற்கரை. பதினோராம் நாள் பதின்மூவாயிரஞ் சொற்கள் சேர்ந்திருந்தன. அன்றிரவு முதலிலிருந்து வாசித்தேன். மனிதர் வந்தனர், பேசினர், போயினர். ஒருவர் செய்தது இன்னொருவரைத் தொடவில்லை. மணல் வருணனை மாத்திரம் நான்கு இடங்களில் இருந்தது. பன்னிரண்டாம் நாள் நான் எழுதவில்லை. தோழருள் ஒருவர் முடித்தார். அவர் துப்பறியுங் கதை எழுதியவர், கொலையாளி யாரென்பதை முதல்நாளே அறிந்திருந்தார்.

அதன் பின்னரே தீவகத்தைக் களமாகக் கொண்ட இரு நாவல்களை, அவற்றின் ஆசிரியர்கள் பின்னலை எங்கே கண்டெடுத்தனர் என்னும் ஒரே கேள்வியுடன் மீள வாசித்தேன்.

செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' (1973) நெடுந்தீவில் நிகழ்வது. புவியியல் பயின்ற ஆசிரியருக்குப் பருவக்காற்றே பின்னலைக் கொடுத்துவிட்டது. வாடை பெயரும் காலத்தில் வெளியூர் மீனவர் வந்து வாடியடிக்கின்றனர், தொழிற் போட்டி மூளுகின்றது, உறவுகள் பிறக்கின்றன, பருவம் முடிய அவர்கள் பெயர்ந்தேயாக வேண்டும். தொடக்கத்தையும் முடிவையும் இயற்கை விதித்துவிட்டமையால், இடையில் நிகழும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நெருக்கடி ஏற்படுகின்றது. காதலிப்பதற்கும் பகைப்பதற்கும் இன்னும் எத்தனை நாள் உண்டென்பது வாசகனுக்குத் தெரியும். இது மிகச் சிறந்த கண்டெடுப்பு. காதற் சம்பவங்களின் அமைப்பில் திரைப்படச் சாயல் படிந்திருப்பதை மறுப்பதற்கில்லை. 1978இல் அது திரைப்படமாகவும் வெளிவந்தது. ஆயினும், காற்றுக்குக் கட்டுப்பட்ட அந்தச் சட்டகம் இன்றும் தளரவில்லை.

ஷோபாசக்தியின் முதல் நாவலான 'கொரில்லா' (2001) எனக்கு இன்னும் நெருங்கியது. ஆசிரியர் பிறந்த அல்லைப்பிட்டி எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். பிரான்சில் அகதி அந்தஸ்துக் கோரும் விண்ணப்பமொன்றுடன் நாவல் தொடங்குகின்றது. இதனை வெறும் உத்தியாகக் கொண்டு பாராட்டுவோர் பலர். நான் அதனை வேறுவிதமாகக் காண்கின்றேன். அகதி விண்ணப்பமானது, தன் வாழ்க்கைக்குக் கதைப்பின்னல் ஒன்றைக் கட்டுமாறு ஓர் அரசு ஒரு மனிதனைப் பணிக்கும் பத்திரம். எப்போது, எங்கே, எதனால், ஆதலால் ஏன் திரும்பமுடியாது என்று காரணகாரியந் தவறாது கூறல் வேண்டும். ஓரிடத்தில் தொடர்பு அறுந்தால் நிராகரிப்பு. ஃபோஸ்டர் வகுப்பறைக்குச் சொன்னதை அதிகாரியொருவர் சட்டமாக்கிவிட்டார் என்றே சொல்லத் தோன்றுகின்றது. நமது மக்களில் எத்தனையோ ஆயிரம்பேர் இவ்வாறு தம் முதலும் கடைசியுமான கதையை எழுதியிருக்கின்றனர்!

விண்ணப்பத்தை முன்வைத்த பின், அவ்விண்ணப்பத்தில் அடங்காதவற்றை நாவல் சொல்லத் தொடங்குகின்றது. ஊரில் 'கொரில்லா' எனப் பெயரெடுத்த முரட்டுத் தகப்பன், அவனிடமிருந்து தப்பவும் இயக்கத்திற் சேரவும் விழையும் மகன், இயக்கத்துட் பட்ட இழிவு, பின்னர் பாரிஸ். தகப்பனின் பட்டப்பெயரும் மகன் ஏந்திய போர்முறையின் பெயரும் தமிழெழுத்தில் ஒன்றாகிவிடுவதை எந்த அதிகாரியிடம் விளக்குவது? அடிக்குறிப்புக்களில் வரும் விவரங்கள் கதையை இடைமறித்து நிற்பதும் இதே தேவையினால் விளைந்தது. பாரிஸ் பகுதியிற் பின்னல் சற்று அவசரப்படுகின்றது என்பது எனது அபிப்பிராயம். தீவில் நிகழும் பகுதிகளின் அடர்த்தி அங்கில்லை. ஆனால் ஒன்று தெளிவு. இப்பின்னல் நூல்நிலையத்திற் கிடைத்ததன்று. தன்னைப் போன்றோர் ஏற்கெனவே எழுதும்படி நிர்ப்பந்திக்கப்பட்ட ஒரு பத்திரத்தில் ஆசிரியர் அதனைக் கண்டார்.

சமூக முரண்பாட்டை உணர்ந்தவனுக்கு வடிவம் தானே வாய்க்கும் என்று இங்கு சிலர் மறுக்கக்கூடும். அவ்வாறாயின் புங்குடுதீவு மு. தளையசிங்கத்தை நினைவுகூர்வேன். 1971இல் கண்ணகையம்மன் கோயிற் கிணற்றில் யாவரும் நீரள்ளும் உரிமைக்காக நின்றவர் அவர், 1973இல் இறந்தார். ஒரு கிணறு, ஒரு கயிறு, யார் அள்ளலாம், யார் தடுப்பார். முழு நாவலொன்றின் பின்னல் அந்நிகழ்ச்சியினுள் உண்டு. உணர்ந்தவர் பலர் இருந்திருப்பர். அதனை நாவலாக்குங் காலம் அவருக்கு வாய்க்கவில்லை.

கிணறு என்றதும் எனது பதின்மூவாயிரஞ் சொற்களுக்குத் திரும்புகின்றேன். விடுமுறையில் அம்மம்மாவின் காணி உறுதியை வாசித்தேன். பரப்பும் குழியும் நான்கெல்லையும் கூறியபின், கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் என்று முடிகின்றது. ஆறு பங்காளர். யாழ்ப்பாணத்தவருக்குரிய தேசவழமைப்படி பங்காளி ஒருவர் தம் பங்கை விற்பதாயின் ஏனைய பங்காளருக்கு முதலில் அறிவித்தல் வேண்டும். 1947ஆம் ஆண்டின் முன்னீட்டுரிமைச் சட்டமும் இதனை வகுத்துள்ளது. ஆக, ஒருவர் செய்வது மற்றைய ஐவரையும் தொட்டே தீரும். ஆறுபேரில் இருவர் கனடாவில், ஒருவர் கொழும்பில், ஒருவர் இறந்துவிட்டார். அம்மம்மா ஊரிலிருக்கின்றார். ஆறாமவர் 1990 ஓகஸ்டுக்குப் பின்னர் காணப்படாதவர். அவருக்கு யார், எவ்விலாசத்துக்கு அறிவித்தல் அனுப்புவது?

இதனை நான் அம்மம்மாவிடம் கேட்டேன். காணியை விற்க நினைத்துக் கேட்கின்றேன் என்று அவர் எண்ணிவிட்டார். "அவன்ரை பங்கைத் தொடாதை மோனை. வந்தால் தண்ணியள்ள வழி வேணும்" என்றார்.

மணல் வருணனை நான்கையும் நீக்கிவிட்டேன். முதலாம் அத்தியாயம் இப்போது அந்த உறுதியின் ஆறு பெயர்களுடன் தொடங்குகின்றது.