டாம்பியரும் ஒரு 'ஆனாலும்'

வில்லியம் டாம்பியரைப் பற்றி யார் எழுதினாலும் முதல் பத்தியிலேயே ஒரு 'ஆனால்' வந்துவிடும். கடற்கொள்ளையர், ஆனால் இயற்கையியலாளர். 1697இல் வெளியான அவருடைய 'உலகைச் சுற்றி ஒரு புதிய பயணம்' நூலை இந்த மழைக்காலத்தில் கொடைக்கானலில் உட்கார்ந்து படித்து முடித்தேன். அந்த 'ஆனால்' மேல் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது.

முதலில் புத்தகத்தின் ருசியைச் சொல்லிவிடுகிறேன். 1681இல் பனாமா காட்டைக் கடக்கும்போது தன் குறிப்புகளை மூங்கில் குழாய்க்குள் போட்டு, இரண்டு முனையையும் மெழுகால் அடைத்துக் காப்பாற்றியவர் டாம்பியர். ஆமை, காற்று, அவகாடோ என எதைப் பற்றி எழுதினாலும் சந்தையில் காய் வாங்குகிறவர் மாதிரி தொட்டு, முகர்ந்து, எடை பார்த்துச் சொல்கிறார். வியந்து கூத்தாடுவதே இல்லை. டார்வின் இவரைப் படித்ததில் ஆச்சரியமில்லை.

அப்புறம் நம்ம ஊர் வருகிறது. 1690இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் சில மாதங்கள் தங்குகிறார். மூடி என்ற வணிகர் விலைக்கு வாங்கி வந்த ஜியோலி என்ற தீவுக்காரரையும் அவர் தாயையும் அங்கேதான் சந்திக்கிறார். ஜியோலியின் உடம்பெங்கும் பச்சை குத்தியிருந்தது. சுமத்ராவின் பென்கூலனில் அவர்கள் மேல் டாம்பியருக்குப் பாதிப் பங்கு கிடைக்கிறது. பங்கு! சரக்கில் கிடைப்பது மாதிரி.

அங்கே இருவரும் நோயில் விழுகிறார்கள். கூடப்பிறந்தவர்களைப் போல் பார்த்துக்கொண்டதாக டாம்பியர் எழுதுகிறார். நம்புகிறேன். தாய் இறந்ததும் அவர் புதுத்துணி போர்த்துகிறார். ஜியோலிக்கு அது போதவில்லை. அம்மாவின் உடைகளையெல்லாம், மூடி கொடுத்த இரண்டு புதுச் சீட்டித்துணிகளையும் சேர்த்தே சுற்றுகிறார். அதெல்லாம் அம்மாவுடையது, அம்மாவோடுதான் போக வேண்டும் என்கிறார். புத்தகத்தின் மிகச் சிறந்த இடம் இதுதான். யாருடையது எது என்று தெளிவாகச் சொல்கிற ஒரே ஆள், விற்கப்பட்டவர்.

1691இல் லண்டன் சேர்ந்ததும் பணமுடையில் டாம்பியர் தன் பங்கை விற்றுவிடுகிறார். ஜியோலி காட்சிப்பொருளாகி, ஆக்ஸ்போர்டில் அம்மையில் இறக்கிறார். அவர் தோலை அங்கே பாதுகாத்து வைத்தார்கள். பின்னாளில் ஆஸ்திரேலியாவிலிருந்து டாம்பியர் கொண்டுவந்த செடிகளும் அதே ஆக்ஸ்போர்டில்தான் இருக்கின்றன.

பச்சை குத்திய கோடுகளை விவரித்த கண்ணும் ஆமை ஓட்டைப் பார்த்த கண்ணும் ஒன்றே. கொள்ளையர் வேறு, இயற்கையியலாளர் வேறு என்று இரண்டு பேர் அங்கே இல்லை.

அப்படியானால் சேகரிப்பதே பாவமா? செண்பகனூர் அருங்காட்சியகத்தில் பாடம் செய்த உயிரினங்களைப் பார்த்தபோது இதே கேள்வி. 1836இல் இந்தப் பழனி மலைக்கு வந்து செடிகளைத் தேடிய ராபர்ட் வைட், தனக்குப் படம் வரைந்த கோவிந்துவின் பெயரில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயியா' என்று பெயர் வைத்தார். கும்பெனி அதிகாரிதான் அவரும். ஆனாலும் உடன் உழைத்தவரின் பெயர் தாளில் நின்றது.

டாம்பியரைப் படியுங்கள், கண்டிப்பாக. பென்கூலன் பக்கங்கள் வரும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக.