வேதாளத்தின் கேள்வியும் அரசனின் விடையும்

சென்ற தவணையில் எங்கள் பாடசாலை நூலகத்துக்குப் பெட்டியொன்று வந்து சேர்ந்தது. வெளிநாட்டில் வாழும் பழைய மாணவரொருவர், தம் தந்தையார் சேர்த்து வைத்திருந்த ‘அம்புலிமாமா’ இதழ்களை ஆண்டுவாரியாகக் கட்டி அனுப்பியிருந்தார். முந்தியவை மன்னார்ப் பட்டினத்திலே வாங்கப்பெற்று, போருக்கு முன்பே சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டதால் தப்பியவை. பிந்தியவை சென்னையிலேயே வாங்கியவை. எங்கள் நூலகத்தில் இருப்பனவோ மூன்று இரும்பு அலுமாரிகள். ஒன்றை ஏற்பதென்றால் மற்றொன்றை இறக்க வேண்டும். ஆகவே ஆசிரியர் அறையில் விவாதம் எழுந்தது.

“அரசனும் பேயும் மந்திரவாதியும்! பிள்ளைகளை இன்னும் நூறு ஆண்டு பின்னுக்குத் தள்ளவா இந்த அலுமாரி?” என்று கேட்டார் கணிதம் கற்பிக்கும் நண்பர். மூத்த ஆசிரியை ஒருவரின் கருத்து வேறு. “பழைய இதழ்கள் பொக்கிஷம், அவற்றை வைப்போம். பிந்திய ஆண்டுகளில் சரக்குத் தீர்ந்துபோயிற்று. அவற்றைத் திருப்பி அனுப்பலாம்” என்றார் அவர். இரண்டு தீர்ப்புகளும் எனக்கு உடன்பாடாகவில்லை. எனினும் இரண்டிலும் ஓரளவு உண்மை இருந்தமையால் விரைந்து மறுக்கவும் இயலவில்லை.

ஆண்டுக்கணக்காக நீளும் ஒரு மாயக்கதைத் தொடர், நாளடைவில் தரம் குன்றுகிறது என்று தெரிந்த பின்னும் படிக்கத் தகுந்ததுதானா? கைப்பேசியிலே பருவம் பருவமாக முடிவின்றி ஓடும் தொடர்களைப் பார்த்து வளரும் நம் மாணவர்க்கும் இவ்வினா உரியதே. தமிழிலே இதற்கு நாம் எடுத்துக்கொள்ளத்தக்க சிறந்த உதாரணம் அம்புலிமாமாவின் வேதாளக் கதைகளாகும்.

1947இல் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலே தொடங்கிய இதழ் அது. தெலுங்கிலே ‘சந்தமாமா’, தமிழிலே ‘அம்புலிமாமா’. தோளிலே பிணத்தையும் கையிலே வாளையும் கொண்டு சுடுகாட்டு வழியே நடக்கும் விக்கிரமனின் உருவத்தை, ‘சங்கர்’ என்ற பெயரில் வரைந்த கே. சி. சிவசங்கரன் பல்லாண்டு காலம் தீட்டினார். 2020இல் அவர் மறைந்தபோது அந்தப் படமே எங்கும் நினைவுகூரப்பட்டது. 1998இல் ஒருமுறை நின்று மறு ஆண்டு மீண்டும் தொடங்கிய இதழ், 2007இல் மென்பொருள் நிறுவனமொன்றின் உடைமையாகி, 2010களின் முற்பகுதியில் அடங்கிப்போயிற்று.

மூலக்கதை அளவிலே சிறியது. பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் தொகுத்த ‘கதாசரித்சாகரம்’ என்ற பெருநூலினுள் அது ஒரு பகுதி. இருபத்தைந்து கதைகள் என்பது மரபு. துறவி ஒருவனுக்குக் கொடுத்த வாக்குக்காக அரசன் மரத்திலே தொங்கும் பிணத்தைச் சுமந்து வருகிறான். பிணத்தினுள் புகுந்த வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிடில் தலை வெடிக்கும்; சொன்னாலோ மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்குத் திரும்பும். இறுதியிலே ஒரு கேள்வி வருகிறது. தந்தை மகளையும், மகன் தாயையும் மணந்தால் அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் என்ன முறை? அரசனுக்கு விடை தெரியவில்லை, பேசாமல் நடக்கிறான். அப்போதுதான் வேதாளம் மகிழ்ந்து, துறவி உன்னைப் பலியிடக் காத்திருக்கிறான் என்ற உண்மையை வெளியிடுகிறது.

இந்த அமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. எல்லாம் அறிந்த அரசன் மரத்துக்கும் சுடுகாட்டுக்குமாக அலைகிறான். தனக்குத் தெரியாத ஒன்று உண்டென்று உணர்ந்த அரசனே உயிர் பிழைக்கிறான். கதைத்தொடர் முழுவதும் அந்த மௌனத்தை நோக்கியே நகர்கிறது.

மாத இதழுக்கு இந்த முடிவு ஏற்புடையதன்று. இருபத்தைந்து கதைகளும் இரண்டாண்டுக்குச் சற்று மேலான காலத்தில் தீர்ந்துவிடும். வாசகரோ அடுத்த மாதமும் வேதாளத்தை எதிர்பார்க்கின்றனர். ஆகவே புதிய கதைகள் புனையப்பட்டன. வேற்றிடத்துக் கதைகள் வேதாளத்தின் வாயில் வைக்கப்பட்டன. இருபத்தைந்து, பல நூறாகப் பெருகிற்று. ஷஹரசாத் ஆயிரத்தோர் இரவு கதை சொன்னாள் என்றால், அரசனின் மனம் மாறியதும் அவள் கதையும் நின்றது. அம்புலிமாமாவின் விக்கிரமனுக்கோ நிற்பதற்கு அனுமதி இல்லை. மரம் ஏறுவதும் இறங்குவதும் அவனுக்கு மாதச் சம்பள வேலையாயின. நீண்டமை தானாகவே ஒரு குற்றமாகாது. முடிவை இழந்ததனால் கேள்வியின் இயல்பு மாறிற்று என்பதே என் குற்றச்சாட்டு.

பழைய கதைகளின் கேள்வி பெரும்பாலும் தீர்ப்பைக் கோரும் கேள்வியாகும். இறந்த பெண்ணை மூன்று இளைஞர் விரும்பியிருந்தனர். ஒருவன் அவளுடைய எலும்பைப் புனித நீரில் சேர்த்தான். ஒருவன் அவள் சாம்பலின் மீது படுத்துக் கிடந்தான். ஒருவன் நாடெங்கும் அலைந்து உயிர் தரும் மந்திரத்தைக் கொணர்ந்தான். உயிர்த்தெழுந்த அவள் யாருக்கு உரியவள்? மூவர் பக்கமும் நியாயம் உண்டு. வாசகன் ஒரு பக்கம் சார்ந்தே ஆகவேண்டும். சார்ந்ததற்குக் காரணமும் காட்டவேண்டும்.

பிந்திய கதைகளிலே நாம் மிகுதியாகக் காண்பது வேறொரு வகை. ஒருவன் தனக்குக் கிடைத்த பெரும் பரிசை மறுத்துவிடுகிறான். ‘இவன் மூடனல்லவா? ஏன் இப்படிச் செய்தான்?’ என்று வேதாளம் ஏளனம் செய்கிறது. அவனுடைய உயர்ந்த நோக்கத்தை அரசன் விளக்குகிறான். இங்கே தீர்ப்புக்கு இடமில்லை; விளக்கத்துக்கே இடமுண்டு. விடை ஏற்கெனவே எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. வாசகன் பக்கத்தைப் புரட்டிச் சரிபார்த்துக்கொள்கிறான். நம் பரீட்சை வினாத்தாளுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. தரக்குறைவு என்று மூத்த ஆசிரியை உணர்ந்தது இதனைத்தான் என எண்ணுகிறேன். அந்த அளவில் அவர் கூறியது சரியே.

ஆனால் பழையதெல்லாம் பொக்கிஷம் என்பதை ஏற்பது எங்ஙனம்? மூலத்திலுள்ள வீரவரன் கதையை நோக்குவோம். அரசனின் உயிரைக் காக்கச் சேவகன் தன் மகனைப் பலியிடுகிறான், மகள் துயரத்தால் மாள்கிறாள், மனைவி தீப்புகுகிறாள், தானும் தலையை அரிந்துகொள்கிறான். மறைந்து நின்று கண்ட அரசனும் சாகத் துணிகிறான். எல்லோரிலும் சிறந்தவன் யார்? அரசனே என்பது விடை. ஏனெனில் எசமானுக்காகச் சாவது சேவகனின் கடமை. சேவகனுக்காகச் சாக முனைவது அரசனின் பெருந்தன்மை! நிலவுடைமைச் சமுதாயத்தின் நீதி இதைவிட வெளிப்படையாகப் பேச இயலாது. கேள்விகள் கூர்மையாக இருந்த காலத்திலும் விடைகள் அரசனுடையனவாகவே இருந்தன. பொற்காலம் என்று ஒன்று இருந்ததில்லை.

அப்படியானால் கணித ஆசிரியர் வென்றுவிட்டாரா? தென்னிந்திய வணிக இதழ்களுக்கு எதிராக நம் முன்னோடிகள் குரலெழுப்பியதும், 1970களின் முற்பகுதியில் அவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும் நாமறிந்த வரலாறு. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆயினும் ஒரு செய்தியை இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். சந்தமாமாவின் ஆசிரியப் பொறுப்பை 1952 முதல் 1980இல் இறக்கும்வரை வகித்தவர் கொடவட்டிகண்டி குடும்பராவ். தெலுங்கின் தலைசிறந்த யதார்த்தவாத எழுத்தாளருள் ஒருவர். 1970இல் தோன்றிய ‘விரசம்’ என்ற புரட்சி எழுத்தாளர் சங்கத்தோடு இணைந்து நின்றவர். அத்தகைய ஒருவர் மாயக்கதைக்குத் தம் வாழ்நாளின் இருபத்தெட்டு ஆண்டுகளை அளித்தார் என்றால், பேயும் மந்திரமும் இருப்பதால் மட்டும் ஒரு கதை பிற்போக்காகிவிடும் என்று நாம் கொள்வது எளிதன்று.

மேலும், மக்கள் இக்கதைகளை வாங்கியபடியே வைத்திருந்ததுமில்லை. வடமொழியிலே வேதாளம் தொங்கியது சிம்சபா மரத்திலே. தமிழ் மக்கள் அதைக் கொல்லைப்புறத்து முருங்கைக்கு மாற்றிப் பழமொழியும் ஆக்கிக்கொண்டனர். எங்கள் தீவுப் பிள்ளைகளைக் கேட்டால் பள்ளிமுனைப் பெருக்கமரத்தைக் காட்டுவார்கள். மரத்தை மாற்றத் தெரிந்தவர்களுக்கு விடையை மாற்றத் தெரியாதா?

இது எனக்கு இளமையிலேயே கிடைத்த பாடம். 1990இல் என்னைக் கைக்குழந்தையாக ஏந்திக்கொண்டு பெற்றோர் படகேறினர். போர்நிறுத்த காலத்திலே, 2003இல், ஊர் திரும்பினோம். இடைப்பட்ட காலம் இராமநாதபுரம் மாவட்டத்து அகதி முகாமிலே கழிந்தது. பழைய தாள் வியாபாரியிடமிருந்து என் தகப்பனார் நிறுத்து வாங்கி வந்த கட்டிலே சில அம்புலிமாமாக்கள் இருந்தன. நான் உரக்கப் படிக்க, அம்மம்மாவும் அயலவரும் கேட்பார்கள். பல இதழ்களில் பக்கங்கள் கிழிந்திருந்தன. கேள்வி இருக்கும், அரசனின் விடை இருக்காது. அன்றிரவு முழுதும் எங்கள் வரிசையிலே வழக்கு நடக்கும். நாட்டை விட்டு வந்தவர்கள், எதற்கும் அனுமதி கேட்டே வாழ்ந்தவர்கள், அந்த நேரத்தில் மட்டும் நீதிபதிகளாக வீற்றிருந்தார்கள். விடையுள்ள முழு இதழைப் படித்த நாட்களில் எல்லோரும் நேரத்தோடு உறங்கப் போய்விட்டனர்.

அந்நினைவினால், பெட்டி வந்த வாரத்திலே தரம் 10 மாணவர்க்குத் தலை மாறிய கதையைச் சொன்னேன். மூலத்திலே கணவன் ஒரு சலவைத் தொழிலாளி. அவனும் மைத்துனனும் அம்மன் கோயிலில் தலையை அரிந்துகொள்ள, தேவியின் வரத்தால் உயிர்ப்பிக்கும் பெண் பதற்றத்திலே தலைகளை மாற்றிப் பொருத்திவிடுகிறாள். கணவன் யார்? அரசனின் விடைக்கு முன்பே நிறுத்திவிட்டேன். பெரும்பாலோர் “தலைதான்” என்றனர். அரசன் சொன்னதும் அதுவே; உறுப்புகளுள் தலை முதன்மையானது என்பது அவன் காரணம். அப்போது கரைவலைத் தொழிலாளியின் மகனொருவன் எழுந்தான்.

“தலை மாறினாலும் வேலை பழகினது கைதானே சேர்? அந்த வீட்டுக்குச் சோறு போட்டது அந்தக் கைதானே?”

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “அந்தப் பொம்பிளையிட்ட ஒருத்தரும் கேக்கேல்லையா சேர்?”

தலை உயர்ந்தது, உடல் தாழ்ந்தது என்ற விதியின்மேல் எத்தனை கொடுமைகள் கட்டப்பட்டன என்பதை நாம் அறிவோம். தலையிலே பிறந்தோர், காலிலே பிறந்தோர் என்று மனிதரைப் பகுத்த மரபும், மூளையுழைப்புக்கு ஊதியமும் உடலுழைப்புக்கு இளக்காரமும் வழங்கும் இன்றைய வழக்கமும் அந்த விதியின் கிளைகளே. இதே கதையைத் தாமஸ் மன் 1940இல் குறுநாவலாக்கினார். கிரீஷ் கர்னாட் ‘ஹயவதன’ நாடகத்திலே உடலுக்கும் நினைவுண்டு என்று காட்டி அரசனின் விடையைக் கேள்விக்குள்ளாக்கினார். அவர்களைப் படித்திராத எம் பிள்ளைகள் ஒரு பாடவேளையிலே அவ்வாசலுக்கு வந்து சேர்ந்தனர்.

மறுவாரம் பிந்திய இதழிலிருந்து, பரிசை மறுத்தவன் கதை ஒன்றைப் படித்தோம். பத்து நிமிடத்திலே பேச்சு ஓய்ந்தது, விவாதிக்க ஒன்றுமில்லை. ஆகவே வேறொரு வேலை கொடுத்தேன். வேதாளம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நீங்கள் எழுதுங்கள் என்றேன். ஒரு தாளிலே இப்படி இருந்தது: “பரிசு கொடுக்க அரசனுக்கு அந்தப் பொன் எங்கிருந்து வந்தது?” சாரமற்ற கதையிலிருந்தும் சாரமுள்ள கேள்வி பிறக்கிறது; ஆனால் வாசகன் உழைக்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். தொடர் முழுவதையும் ஒருவர் படித்து முடிக்க வேண்டிய கடமை இல்லை. ஏட்டுச் சுமையை விக்கிரமனைப் போலத் தோளிலே சுமப்பது வாசிப்பாகாது. மூலத்தை ஒட்டிய முந்திய கதைகளை விடாமல் படிக்கலாம். பிந்தியவற்றில் நான்கைந்தை எடுத்துப் பழையவற்றோடு ஒப்பிட்டால், கேள்வி எவ்விடத்தில் மழுங்குகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்வர். தரம் என்றால் என்ன என்பதை உயர்ந்த நூல்களை மட்டும் வைத்துக் கற்பிக்க இயலாது. எங்கே படித்தாலும் அரசன் வாய் திறப்பதற்கு முன் புத்தகத்தை மூடிவைத்து நம் விடையைத் தேடுவோம். பின்னர் அவன் விடையைப் படித்து, அது யாருக்கு நன்மை செய்கிறது என்று கேட்போம்.

இதழ்கள் முழுவதையும் ஏற்பதென்று முடிவாயிற்று. இடத்துக்காகப் பழைய மாதிரி வினாத்தாள் தொகுதிகளை இறக்கினோம். இறக்கி வைக்க முதலிலே கை கொடுத்தவர் கணித ஆசிரியர். அவற்றின் விடைகள் எல்லோருக்கும் மனப்பாடம் என்றார் அவர்.